எலித் தெள்ளுக்கும் ஒரு மேப் போட்டாங்க!

ராஜபாளையத்துல நின்னு மேற்கே பார்த்தா மலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நின்னு பார்த்தாலும் அதே மலைத்தொடர்தான். அய்யனார் கோவில், செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புக்கு அந்தாண்ட சதுரகிரின்னு நமக்கு அது அருவியும் சாமியும். சதுரகிரிக்கு நாம தாணிப்பாறை வழியா ஏறுறோம். வருசநாட்டுப் பக்கத்துல இருந்தும் ஜனங்க ஏறி வர்றாங்க. ஒரே மலை, ரெண்டு வாசல். 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சப்ப, அரசாங்கமே ரெண்டு பக்கத்தையும் ஒரே பேர்ல கட்டிப் போட்டுடுச்சு.

இந்தப் பதிவு அந்த மலைக்கு அந்தப் பக்கத்துல இருக்குற கம்பம் பள்ளத்தாக்கைப் பத்தினது. திராட்சை, முல்லைப் பெரியாறு எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா மருத்துவ வரலாற்றுப் புத்தகங்கள்ல அந்தப் பள்ளத்தாக்குக்கு வேற ஒரு காரணத்துக்காக இடம் இருக்கு. போன நூற்றாண்டின் முதல் பாதியில, சென்னை மாகாணத்துல பிளேக் விடாப்பிடியா குடியிருந்த இடங்கள்ல அது ஒண்ணு.

அதே காலத்துல மதராஸ் பட்டணத்தை எடுத்துக்குங்க. துறைமுகம் உண்டு, ரயில் உண்டு, அரிசி மண்டி உண்டு, நெரிசலான தெருக்கள் உண்டு, எலிக்கு பஞ்சமே இல்லை. ஆனா அங்க பிளேக் வேரூன்றவே இல்லை! மலையடிவாரத்து கிராமத்துல வருஷா வருஷம் வர்ற நோய், அத்தனை பெரிய பட்டணத்துல ஏன் நிலைக்கல?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி, நம்ம மாகாணம் பூரா எலி பிடிச்சு, அது மேல இருந்த தெள்ளுப்பூச்சியை சீவி எடுத்து, எண்ணி, மேப் போட்ட கதைதான் இது. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு சின்ன முன்கதை. 1894-ல ஹாங்காங்ல பிளேக் வந்தப்ப, அலெக்ஸாண்டர் எர்சின் அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். 1896-ல அது பம்பாய்ல இறங்குச்சு. அடுத்த முப்பது, முப்பத்தஞ்சு வருஷத்துல இந்தியாவுல ஒரு கோடிப் பேருக்கு மேல கொண்டு போச்சு. ஆனா எப்படிப் பரவுதுன்னு ஆரம்பத்துல யாருக்கும் புரியல. கெட்ட காத்துன்னாங்க, அழுக்குன்னாங்க, மண்ணுன்னாங்க. வீட்டைக் கழுவினாங்க, கூரையைப் பிரிச்சாங்க, ஜனங்களை ரயில்ல இருந்து இறக்கி அக்குளைத் தொட்டுப் பார்த்தாங்க. எலிக்குப் பின்னாலதான் மனுஷன் சாகுறான்கிறது மட்டும் கிராமத்து ஜனங்களுக்கே தெரியும். எலி செத்து விழ ஆரம்பிச்சா ஊரைக் காலி பண்ணிட்டு வெளியில குடிசை போட்டுக்குவாங்க. கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன்னே கோவில்கள் இருக்கு. அந்தப் பயம் எவ்வளவு பெருசுன்னு அந்தப் பேரே சொல்லிடும்.

எலிக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்குற ஆள் யாருன்னு 1898-ல கராச்சியில ஒரு பிரெஞ்சு டாக்டர் சொன்னார். பேரு பால் லூயி சிமோன். தெள்ளுதான் அந்த ஆள்னு அவர் சொன்னப்ப பெரும்பாலானவங்க நம்பல. 1905-ல இருந்து பம்பாய் பரேல்ல வேலை செஞ்ச பிளேக் ஆராய்ச்சிக் கமிஷன்தான் சோதனை மேல சோதனையா செஞ்சு அதை நிரூபிச்சுது. எலி செத்ததும் உடம்பு ஆறிப்போகும். சூடான ரத்தம் தேடி தெள்ளு இறங்கும். பக்கத்துல நாம படுத்திருப்போம். அவ்வளவுதான்.

சரி, தெள்ளுன்னு தெரிஞ்சாச்சு. மதராஸ்லயும்தான் எலி மேல தெள்ளு இருக்கு. அங்க ஏன் பிளேக் பரவல? கேள்வி அப்படியே நின்னுது.

இங்கதான் ரெண்டு பேர் உள்ள வர்றாங்க. ஒருத்தர் பேங்க் நடத்துற குடும்பத்துக்காரர். லண்டன் சார்லஸ் ராத்ஸ்சைல்டு. (ஆமா, அந்தப் பெரும்பணக்கார ராத்ஸ்சைல்டு குடும்பமேதான்.) பகல்ல பேங்க், மத்த நேரத்துல தெள்ளு சேகரிப்பு. உலகம் பூரா ஆள் வச்சு தெள்ளு வாங்குவார். பணக்காரங்களுக்கு எத்தனையோ பொழுதுபோக்கு, இவருக்கு இது! 1903-ல சூடான்ல கிடைச்ச ஒரு தெள்ளுக்கு, பிரமிடு கட்டின சியாப்ஸ் ராஜா பேரை வச்சு 'கியோப்பிஸ்'னு பேர் சூட்டினார். 1911-ல அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருந்த இன்னொண்ணுக்கு 'அஸ்டியா'ன்னு பேர் வச்சார். ரெண்டையும் வெறுங்கண்ணால பிரிச்சுப் பார்க்கவே முடியாது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சு, உடம்புல மயிர் எப்படி இருக்கு, உள்ளுறுப்பு எப்படி வளைஞ்சிருக்குன்னு பார்க்கணும்.

இன்னொருத்தர் ஃபேபியன் ஹர்ஸ்ட். கொழும்பு மாநகராட்சியோட நுண்ணுயிரியல் நிபுணர். கொழும்புக்கு 1914-ல பிளேக் வந்துச்சு. அவர் ஊர் எலிகள்ல இருந்து தெள்ளை எடுத்துப் பார்த்தா, பெரும்பாலும் அஸ்டியா. ஆனா பிளேக் தாக்கின வட்டாரத்துல கியோப்பிஸ் தலைகாட்டுது. 'ரெண்டும் ஒண்ணு இல்லையோ, பிளேக்கைப் பரப்புறதுல அஸ்டியா மந்தமோ'ன்னு அவருக்குத் தோணுச்சு. அதுவரை இந்திய எலித்தெள்ளுன்னா எல்லாமே கியோப்பிஸ்னு ஒரே டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க. டப்பாவைத் திறந்து திரும்பப் பார்த்தா, உள்ள மூணு இனம் கலந்து கிடக்கு: கியோப்பிஸ், அஸ்டியா, அப்புறம் பிரேசிலியென்சிஸ்.

இந்த இடத்துல நம்மாளுங்க சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். அந்த வருஷங்கள்ல மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஜனங்க கூட்டம் கூட்டமா போய்ட்டிருந்தாங்க. அவங்களை மண்டபம் முகாம்ல நாள் கணக்கா நிறுத்தி வச்சு, குளிப்பாட்டி, துணியை அவிச்சு, நோய் இல்லைன்னு பார்த்த பிறகுதான் கப்பல் ஏத்தினாங்க. ஆனா தெள்ளு கடல் தாண்ட ஆள் வேண்டாம். ஒரு தானிய மூட்டையோ பஞ்சுப் பொதியோ பழைய சாக்கோ போதும். கியோப்பிஸோட புழு மூட்டைக்குள்ள இருக்குற தூசியையும் துகளையும் தின்னே வளரும். சுமந்து போன ஏழையைத்தான் எல்லாரும் சந்தேகமாப் பார்த்தாங்க, சுமையை இல்லை. தெள்ளை இனம் பிரிச்சு எண்ண ஆரம்பிச்ச பிறகுதான் பார்வை மூட்டைப் பக்கம் திரும்புச்சு.

இனி மதராஸுக்கு வருவோம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல வேலை பார்த்த பேட்டன், கிராக்னு ரெண்டு டாக்டருங்க 1913-ல மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு தடி புத்தகம் எழுதினாங்க. உலகத்துலயே அந்தத் துறைக்கு வந்த ஆரம்பகாலப் பெரிய பாடப்புத்தகங்கள்ல ஒண்ணு, நம்ம கிண்டியில உருவானது! அதுல கிராக், 1920-களோட தொடக்கத்துல இந்தியா முழுக்க எலித்தெள்ளுங்க எங்கெங்க எது எதுன்னு தொகுக்க ஆரம்பிச்சார். மதராஸ்ல அஸ்டியா ஆட்சின்னு தெளிவாச்சு. பாவம், டைஃபஸ் காய்ச்சலை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தப்பவே அந்த டைஃபஸ் வந்து 1924-ல இறந்துட்டார்.

வேலை நிக்கல. கிங் இன்ஸ்டிடியூட்லயே எச்.எச்.கிங், சி.ஜி.பண்டிட்னு ரெண்டு பேர் மாகாணம் முழுசுக்கும் எலித்தெள்ளு சர்வேயை முடிச்சு, 1931-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல வெளியிட்டாங்க. (இந்த கிங் வேற, இன்ஸ்டிடியூட்டுக்குப் பேர் கொடுத்த டபிள்யூ.ஜி.கிங் வேற. பண்டிட் பின்னாள்ல ஐ.சி.எம்.ஆரோட முதல் இயக்குநர் ஆனவர்.)

தெள்ளு சர்வேன்னா என்ன பண்ணுவாங்க? ஊருக்குள்ள வீடு வீடா எலிப்பொறி வைக்கணும். விடிகாலைல போய் எலியோட பொறியை எடுத்து துணிப்பையில போடணும். இல்லேன்னா தெள்ளு தாவி ஓடிடும். எலியை மயக்கி, ஒரு வெள்ளைத் தட்டுல போட்டு சீப்பால சீவணும். விழுற தெள்ளை ஒவ்வொண்ணா எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்து இனம் பிரிக்கணும். பிறகு கணக்கு. மொத்தம் எத்தனை எலி, மொத்தம் எத்தனை கியோப்பிஸ், ஒரு எலிக்கு சராசரி எத்தனை? இந்த சராசரிக்குப் பேர்தான் கியோப்பிஸ் குறியீடு. அது ஒண்ணைத் தாண்டினா அந்த ஊர்ல பிளேக் வந்தா கிடுகிடுன்னு பரவும்னு இன்னிக்கும் மருத்துவக் கல்லூரியில பாடம் நடத்துறாங்க. எலி பிடிக்கிற கூலியாள்ல ஆரம்பிச்சு, மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு உக்காந்திருக்குற டாக்டர் வரைக்கும் எத்தனை கை பட்டிருக்கும், யோசிங்க.

மேப் என்ன சொல்லுச்சு? கடலோரத்துலயும் வெக்கையான சமவெளியிலயும் அஸ்டியா ஓங்கி நிக்குது. உயரமான, குளுமையான பகுதிகள்ல கியோப்பிஸ் ஓங்கி நிக்குது. பிளேக் திரும்பத் திரும்ப வந்த இடங்களோட இந்த ரெண்டாவது கோடு பெருமளவுக்கு ஒத்துப்போச்சு. மதராஸோட அதிர்ஷ்டத்துக்குக் காரணம் சுத்தமும் இல்லை, புண்ணியமும் இல்லை. அங்க இருந்தது தப்பான தெள்ளு! (பிளேக்குக்குத் தப்பான தெள்ளு, நமக்குச் சரியான தெள்ளு.)

கியோப்பிஸ் ஏன் கெட்டிக்காரன்? 1914-ல பேக்கட், மார்ட்டின்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க. பிளேக் கிருமி அந்தத் தெள்ளோட வயித்து வாசல்ல பெருகி அடைப்பா உக்காந்துக்கும். குடிக்கிற ரத்தம் உள்ள போகாது. பசி அடங்காது. வெறி பிடிச்ச மாதிரி திரும்பத் திரும்பக் கடிக்கும். ஒவ்வொரு கடியிலயும் கிருமி கலந்த ரத்தத்தை நம்ம உடம்புக்குள்ள கக்கும். அஸ்டியாவுக்கு இந்த அடைப்பு அவ்வளவு சுலபமா வர்றதில்லை, மனுஷனைக் கடிக்கிறதுலயும் அதுக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. வெயிலும் இதுல ஒரு பங்காளி. வறண்ட சூட்டுல தெள்ளோட ஆயுசு குறைஞ்சுடும். 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போயி காத்தும் வறண்டா பிளேக் அடங்கிடும்னு புரூக்ஸ்ங்கிறவர் 1917-லயே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கார். பங்குனி, சித்திரை வெயிலை நாம திட்டாத நாள் இல்லை. அது நமக்குக் காவலும் இருந்திருக்கு பாருங்க.

மலைக்கு அந்தப் பக்கம் போவோம். மாகாண மேப் வந்த கையோட, ஜார்ஜ், வெப்ஸ்டர்னு ரெண்டு பேர் கம்பம் பள்ளத்தாக்குல தங்கி ஒரு தனி விசாரணை நடத்தினாங்க. 1934-ல வெளிவந்துச்சு. அவங்க முன்னால இருந்த கேள்வி: பிளேக் வருஷா வருஷம் வெளியில இருந்து வருதா, இல்லை உள்ளயே தங்கியிருக்கா? ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஆறு, நெல்லும் தானியமும் ஊருக்கு ஊர் போய் வர்ற வண்டிங்க. மனுஷனுக்கு நோய் இல்லாத மாசங்கள்லயும் எலிகளுக்குள்ள நோய் ஒரு ஊர் விட்டு ஒரு ஊர் மெதுவா நகர்ந்துக்கிட்டு, கங்கு மாதிரி அணையாம இருக்குங்கிற முடிவுக்கு வந்தாங்க. அப்ப ஊர் எல்லையில நின்னு வர்றவனைத் தடுத்துப் பிரயோஜனம் இல்லை, உள்ள இருக்குற கங்கைத் தேடி அணைக்கணும். மேப் இல்லாம இந்தத் தெளிவு வந்திருக்காது.

1940-களின் கடைசியில இருந்து டி.டி.டி-யும் புது மருந்துகளும் வந்து பிளேக் ஒடுங்குச்சு. 1966-ல கோலார் மாவட்டம் முல்பாகல்ல ஒரு நோயாளி. அதோட முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. 1994-ல மகாராஷ்டிரா பீட் மாவட்டத்துலயும், குஜராத் சூரத்துலயும் திரும்பி வந்துச்சு.

இந்தக் கதையில எனக்கு முக்கியமாப் படுறது ஒண்ணு இருக்கு. 'எங்க ஊர்ல அந்த நோய் இல்லை'ன்னு சொல்றோமே, அந்த 'இல்லை'யில ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, நோயைச் சுமக்குற பூச்சியே இல்லை. அன்னிக்கு மதராஸ்ல கியோப்பிஸ் அரிதா இருந்த மாதிரி. இன்னொண்ணு, பூச்சி இருக்கு, கிருமி மட்டும் இன்னும் வந்து சேரல. நோயாளிகளை மட்டும் எண்ணினா ரெண்டு ஊருக்கும் ஒரே விடைதான் வரும், பூஜ்யம்னு. ஆனா முதல் ஊர் நிம்மதியா தூங்கலாம், ரெண்டாவது ஊர் தூங்கக் கூடாது. இந்த வித்தியாசத்தைப் பூச்சி மேப் மட்டும்தான் காட்டும்.

உதாரணம் வேணுமா? சிக்குன்குனியா. 1964-ல மெட்ராஸை முடக்கிப் போட்டுச்சு. 1973-ல மகாராஷ்டிராவுல ஒரு தடவை வந்துட்டு, அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல நாட்டுல பெருசா தலைகாட்டல. டாக்டருங்களே மறந்துட்டாங்க. ஆனா ஏடிஸ் கொசு மறக்கல, நம்ம தண்ணித் தொட்டியிலயும் ஆட்டுக்கல்லுலயும் குடும்பம் நடத்திட்டேதான் இருந்துச்சு. 2005-ல வைரஸ் திரும்புச்சு, 2006-ல தமிழ்நாடு பூரா ஜனங்க சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. 2012-ல டெங்கு. ராஜபாளையத்துல இருந்து தென்காசி ரோட்டுல போனா வர்ற கடையநல்லூர் அந்த வருஷம் பட்ட பாடு பேப்பர் பூரா வந்துச்சு. அந்த ஒரு வருஷத்துல தமிழ்நாட்டுல 12,000 பேருக்கு மேல டெங்கு, 66 சாவு.

ரெண்டாவது உதாரணம் உண்ணி. 1957-ல கர்நாடகா ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டுல குரங்குங்க கொத்துக் கொத்தா செத்துச்சு. பின்னாலயே விறகுக்குப் போன ஜனங்களுக்குக் காய்ச்சல். பூனா வைரஸ் ஆராய்ச்சி மையத்து ஆளுங்க போய்ப் பார்த்தா, ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெராங்கிற காட்டு உண்ணி. அதைச் சேகரிக்கிற விதம் ரொம்ப எளிமை. ஒரு வெள்ளைத் துணியைக் காட்டுத் தரையில இழுத்துக்கிட்டே போவாங்க. உண்ணி ஏறி ஒட்டிக்கும், எண்ணிக்குவாங்க. (தெள்ளுக்கு வெள்ளைத் தட்டு, உண்ணிக்கு வெள்ளைத் துணி!) பல வருஷம் அந்தச் சுத்துவட்டாரத்தோட நின்ன நோய், 2012-க்கு அப்புறம் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவான்னு மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக தலைகாட்டுச்சு. இத்தனைக்கும் உண்ணி புதுசா அங்க குடியேறல. தென்னிந்தியக் காடுகள்லயும் இலங்கையிலயும் அது இருக்குன்னு முன்னாடியே பதிவாகியிருக்கு. முதல்ல இருந்தது பூச்சி, பின்னால வந்தது நோய்.

முதல் வகை 'இல்லை'யும் நிரந்தரம் கிடையாது. 2016 செப்டம்பர்ல இலங்கையை மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுது. அதே வருஷக் கடைசியில மன்னார்ல, அதுவரை அந்த நாட்டுல இல்லாத அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு அகப்பட்டுச்சு. நம்ம பக்கத்து நகரங்கள்ல மொட்டைமாடித் தொட்டியிலயும் கிணத்துலயும் வளர்ற அதே மலேரியா கொசு. ஒரு நோயாளியும் இல்லாதப்பவே கொசுவைத் தேடிக்கிட்டிருந்ததால கண்ணுல பட்டுச்சு. நோயாளியை மட்டும் தேடியிருந்தா பட்டிருக்காது.

நம்ம வட்டாரத்துக்கு வருவோம். மலையடிவாரம், மாந்தோப்பு, பால்கோவா ஊருக்குப் பால் கொடுக்குற மாடுங்க, ஆட்டுக்கிடை, வெள்ளை வெளேர்னு ராஜபாளையம் நாய், வாரம் ஒரு நாள் வர்ற தண்ணியைப் பிடிச்சு வைக்கிற டிரம். உண்ணிக்கும் கொசுவுக்கும் இதைவிட நல்ல விலாசம் வேணுமா? மாட்டு மேல உக்காந்து பொறுக்கித் தின்னுற கொக்குக்கு உண்ணிக்கொக்குன்னு பேர் வச்ச ஜனங்க நாம. ஆடு மாடு வளர்க்குறவரைக் கேட்டா எந்த மாசம் எந்தப் பக்கம் உண்ணி அதிகம்னு சட்டுனு சொல்லிடுவார். அந்த அறிவு அவர் தலையிலயே இருக்கு, மேப்புக்கு வரல.

மதுரையில 1985-லயே ஐ.சி.எம்.ஆர். ஒரு மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்குச்சு. பின்னாள்ல அது புதுச்சேரி மையத்தோட இணைஞ்சிடுச்சு. நம்மகிட்ட ஆளும் அறிவும் இல்லாம இல்லை. ஆனா எந்த மேப்பும் ஆபீஸ்ல உக்காந்து வர்றதில்லை. அன்னிக்கு எலிப்பொறி தூக்கினவங்களோட இடத்துல இன்னிக்கு நிக்கிறவங்க டெங்கு மஸ்தூருங்க. தினக்கூலிக்கு வெயில்ல தெருத் தெருவா வர்ற அக்காமாருங்க. நூறு வீடு பார்த்தா எத்தனை வீட்டுல புழு, அதே நூறு வீட்டுல எத்தனை பாத்திரத்துல புழு, இந்த ரெண்டு எண்ணும்தான் கொசு மேப்புக்கு அடிப்படை. அவங்க டார்ச் அடிச்சு எட்டிப் பார்த்துட்டு நோட்டுல போடுற ஒவ்வொரு கோடும் கிங்கும் பண்டிட்டும் எண்ணின தெள்ளுக்குச் சமம்.

நாம என்ன பண்றோம்? 'எங்க வீட்டுல யாருக்கும் காய்ச்சல் இல்லைம்மா, போயிட்டு வாங்க'ன்னு கேட்டைத் திறக்காமலே அனுப்பிடுறோம். அவங்க கேட்டது அதை இல்லையே! காய்ச்சல் இருக்கான்னு பார்க்க ஆஸ்பத்திரி இருக்கு. காய்ச்சல் இல்லாதப்ப புழு இருக்கான்னு பார்க்கத்தான் அந்த அக்கா வந்திருக்காங்க. நாம திறக்காத ஒவ்வொரு வீடும் அந்த மேப்புல ஒரு ஓட்டை. 'பூச்சியே இல்லை'ன்னும் அதுக்கு அர்த்தம் இருக்கலாம், 'யாரும் பார்க்கல'ன்னும் இருக்கலாம். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அடுத்த தடவை அவங்க வந்தா கேட்டைத் திறங்க. பின்கட்டுல இருக்குற டிரம்மையும், பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டையும் நீங்களே காட்டுங்க. அப்படியே ஒரு சொம்பு தண்ணியும் கொடுங்க, வெயில்ல வந்திருப்பாங்க.